ஒரு பெட்டியும் காலியாக வரவில்லை

மே 13, செவ்வாய்

பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. வெள்ளைப் பெட்டி, நீல மூடி, எல்லாம் ஒரே அளவு. ஆறு நாடுகளில் இதே பெட்டி, இதே மூடி, இதே கையேடு. லாரிக்காரர் இரண்டு அட்டைப்பெட்டிகளைக் குறைத்து இறக்கிவிட்டுப் போகப் பார்த்தார் என்றுதான் நினைத்தேன். திரும்ப எண்ணியபோது சரியாக இருந்தது. இருந்தாலும் அவருடைய வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

எதற்கு இந்தப் பெட்டி என்று கீழ்வீட்டு லீலாபாய் கேட்டாள். ஒரு நாட்டு மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது பெரிய தலைவலி. "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் ஒரு ஊரில் ஒரு கிண்ணம் என்பார்கள், இன்னொரு ஊரிலும் ஒரு கிண்ணம் என்பார்கள். ஒரு கிண்ணத்தில் பூனைக்குப் பால் வைக்கலாம், இன்னொன்றில் குழந்தையைக் குளிப்பாட்டலாம். இதை வைத்து நாட்டோடு நாட்டை எப்படி ஒப்பிடுவது? ஆகவே கேட்கவே வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. தட்டில் என்ன போட்டுச் சாப்பிடுகிறீர்களோ, அதே அளவு, அதே பதார்த்தம், இன்னொரு பங்கு பெட்டியில் போடுங்கள். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. சாப்பிடாத வேளைக்குப் பெட்டி காலியாகவே வரட்டும். மிச்சத்தை ஆய்வகம் பார்த்துக்கொள்ளும். கூடுதல் பங்குக்கான செலவு எங்களுடையது.

இந்த உணவு ஆய்வு நடுவத்தில் எனக்குத் தரச் சரிபார்ப்பு வேலை. அதாவது சந்தேகப்படுவதற்குச் சம்பளம். காசு வாங்காமலே செய்துகொண்டிருந்த வேலைதான்.

லீலாபாய் ஒரு தூக்குவாளியில் புட்டு கொடுத்தாள். எதற்காக? அடுத்த வாரம் தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்கு என்னிடம் பங்கு கேட்கப் போகிறாள். பார்க்கலாம்.

மே 15, வியாழன்

இன்று என் முறை. பெட்டியை ஊருக்குள் அனுப்பும் முன் ஊழியர்கள் எல்லோரும் ஒரு நாள் தாங்களே செய்து பார்க்க வேண்டும் என்பது விதி. அதோடு ஒரு நாள் மூத்திரம் முழுவதையும் ஒரு கேனில் பிடித்துக் கொடுக்க வேண்டும். தின்ற புரதத்தின் கணக்கு அதில் தெரிந்துவிடும். வாய் பொய் சொல்லலாம், அது சொல்லாது.

காலை: இட்லி நான்கு, தேங்காய்ச் சட்னி, அவித்த முட்டை. மதியம்: சோறு, பாறை மீன் குழம்பு, முருங்கைக்கீரை. இரவு: தோசை, மதியக் குழம்பு. சந்தையில் பாறை நன்றாக இருந்தது, வாங்கத் தோன்றியது. வேறொன்றுமில்லை. கணவர் கப்பல் வேலையிலிருந்து வரும்போதும், மகன் கோயம்புத்தூர் விடுதியிலிருந்து வரும்போதும் இப்படிச் சமைப்பேன். மற்ற நாளில் ஒரு ஆளுக்காக அடுப்பு பற்றவைப்பது பெரிய அலுப்பு.

பெட்டியில் நடுத்துண்டு மீனை வைத்தேன். என் துண்டைச் சாப்பிட உட்கார்ந்தபோது எங்கள் நடுவத்துத் தலைவர் அருமைநாயகம் சார் போன் செய்துவிட்டார். சரி, நாளைக்கு ஆகட்டும் என்று எடுத்து வைத்துவிட்டேன். காலை முட்டையும் அப்படித்தான், அவசரத்தில் விட்டுப்போயிற்று. இரவு தோசையைப் பெட்டியில் அடுக்கிய பிறகு எனக்குப் பசியில்லை. இதையெல்லாம் விலகல் என்று எழுத வேண்டியதில்லை. நாளைக்குச் சாப்பிடத்தானே போகிறேன்.

மே 16, வெள்ளி

என் பெட்டிகளையும் கேனையும் நானே ஆய்வக வண்டியில் ஏற்றிவிட்டு வந்தேன். நடுவில் எவர் கையும் படக்கூடாது.

லீலாபாயின் வாளியைத் திருப்பிக் கொடுத்தேன். வெறும் வாளியை எப்படிக் கொடுப்பது? இரண்டு நாட்டு வாழைப்பழம் போட்டுக் கொடுத்தேன். வாங்கியதும் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மீன் கெட்டுவிட்டது. பூனைக்குப் போட்டேன். இரவு பன், டீ.

மே 21, புதன்

பனையடிக்குளத்துக்கு ஆள் போட்டாயிற்று. உப்பளத்து ஊர். பெண்கள் விடியும் முன் அளத்துக்குப் போய் வெயில் ஏறியதும் திரும்புகிறார்கள். வீடு வீடாகப் போய்ப் பெட்டி கொடுத்து வாங்குவதற்கு ஜெசிந்தா என்ற பெண். இருபத்தாறு வயது இருக்கும். ஸ்கூட்டர் வைத்திருக்கிறாள். நேர்முகத்தில் அருமைநாயகம் சார், "இதுக்கு முன்ன என்ன வேலை பாத்த?" என்று கேட்டார். ஒரு நிதி நிறுவனத்துக்கு வசூலுக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். விட்டுவிட்டாளாம்.

"ஏன் விட்ட?"

"அழுதுட்டு நிக்கவங்ககிட்ட கேக்க முடியல சார்."

சார் உருகிவிட்டார். நான் உருகவில்லை. இதே பதிலை எத்தனை இடத்தில் சொல்லியிருப்பாளோ.

மே 30, வெள்ளி

பெட்டிகள் வரத் தொடங்கிவிட்டன. ஒப்பீட்டுக்காக முதல் நாள் பழைய முறையிலும் கேள்வி கேட்கிறோம், மறுநாள் பெட்டி. கேள்வித்தாளைப் பார்த்தால் அந்த ஊரில் யாரும் ராத்திரி சாப்பிடுவதே இல்லை போலிருக்கிறது. "ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்?" என்பதற்குப் பதில்: சாப்பிடவில்லை. காரணம்: பசிக்கல. அடுத்த வீடு: பசிக்கல. அதற்கடுத்த வீடு: பசிக்கல. ஒரே சொல், ஒரே கையெழுத்து. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

பெட்டியைத் திறந்தாலோ கல்யாண வீடு. மீன் வறுவல், முட்டை, பருப்பு. ஒரு பெட்டியில் அடியில் வாழையிலை விரித்திருந்தது. அளத்துக்குப் போய்விட்டு வந்து யார் இலை வெட்டிப் பெட்டிக்கு விரிப்பது? எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 4, புதன்

இதுவரை ஒரு பெட்டியும் காலியாக வரவில்லை. ஒன்று கூட.

ஜூன் 10, செவ்வாய்

பனையடிக்குளம் விலக்கில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரே ஓட்டலில் ஜெசிந்தா. பார்சல் வாங்கினாள். சோறு, கூடவே இரண்டு அவித்த முட்டை. அதை வாங்கிய கையோடு ஸ்கூட்டரை ஊருக்குள் திருப்பினாள். ஸ்கூட்டரின் முன்னால் எங்கள் வெள்ளைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

கத்திக் கூப்பிட்டேன். நின்றாள்.

"பார்சல் யாருக்கு?"

"எனக்குத்தான் மேடம்."

"இங்க உக்காந்து சாப்பிட்டா என்ன?"

"நேரமாயிரும் மேடம். ஊர் எல்லையில மரத்தடியில நின்னு சாப்பிட்டுருவேன்."

பதில் சட்டென்று வந்தது. யோசிக்காமல் வருகிற பதில், முன்பே யோசித்து வைத்த பதில். நேற்று வந்த பெட்டியிலும் அவித்த முட்டை இருந்தது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. வீட்டில் காலியாக இருக்கும் பெட்டியை இவள் வழியில் நிரப்புகிறாள். காலிப் பெட்டி கொண்டுவந்தால் வீட்டுக்குப் போகவே இல்லை என்று நான் சொல்லிவிடுவேனோ என்ற பயம். கணக்கு எனக்குப் பிடிபட்டுவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

ஆய்வக முடிவுகள் வந்தன. நான் நினைத்தது நினைத்தபடி. பெட்டியில் இருக்கிற புரதம் ஒன்று, பெண்களின் மூத்திரம் சொல்லும் புரதம் அதில் பாதி. பெட்டி சாப்பிட்ட சாப்பாட்டை அந்தப் பெண்கள் சாப்பிடவில்லை.

மாலையில் ஆறு நாட்டுக் கூட்டம், கணினித் திரையில். ஒருங்கிணைப்பாளர் மரியான் என்ற அம்மையார். ரொம்ப மரியாதையாகப் பேசுவார், மரியாதை கூடக் கூட அடுத்து வருவது கடுமையான கேள்வி. அவருடைய குளிர்நாட்டில் மூன்றில் ஒரு பெட்டி காலியாக வந்திருக்கிறதாம். காலை சாப்பிடாதவர்கள் காலையில் காலிப் பெட்டியைக் கொடுத்துவிடுகிறார்கள், வஞ்சனையே இல்லாமல். பெட்டியும் மூத்திரமும் அங்கே அச்சாகப் பொருந்துகிறது. உங்கள் மையத்தில் மட்டும் ஏன் ஒரு காலிப் பெட்டி கூட இல்லை என்று கேட்டார். இடையில் யாராவது பெட்டியைத் தொடுகிறார்களா என்று விசாரிக்கச் சொன்னார். அப்படித் தொட்டிருந்தால் அந்த ஆளின் பெயர் ஆறு நாட்டுக்கும் போகும், இனி எந்த ஆய்விலும் அவருக்கு வேலை கிடையாது.

அருமைநாயகம் சார் என்னைப் பார்த்தார். "வடிவு, ரிப்போர்ட் நீங்கதான் எழுதணும். ஒங்களுக்குத்தான் கண்ணு கூர்மை."

ஜூன் 18, புதன்

ஜெசிந்தாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"பெட்டியில நீ என்ன போடுத?"

புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"நான் பெட்டிய தொறந்ததே இல்ல மேடம்."

"அன்னைக்கு முட்டை வாங்கினியே?"

"அது எனக்கு. வயித்த நெறச்சுட்டுத்தான் ஊருக்குள்ள போவேன் மேடம். வெறும் வயித்தோட போனா மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சு, உக்காந்து திங்கச் சொல்லுவாங்க. அவங்க சோத்துல நான் கை வச்சா ஒங்க கணக்கு கெட்டுருமேன்னு…"

"ராத்திரி யாருமே சாப்பிடலன்னு நீ எழுதியிருக்க. ராத்திரிப் பெட்டி மட்டும் நெறஞ்சு வருது. அது எப்படி?"

"எனக்கும் தெரியல மேடம். அவங்க குடுக்கத நான் வாங்கிட்டு வாரேன்."

"எல்லாரும் பசிக்கல பசிக்கலன்னு ஒண்ணுபோல சொன்னாங்களா?"

"ஆமா மேடம். ஒண்ணுபோலத்தான் சொன்னாங்க."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், நடிப்பு என்று எழுதியிருப்பேன். விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஸ்கூட்டரில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, மூடியைத் துடைத்து, வரிசையாக வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 19, வியாழன்

பாலில் தண்ணீர். பால்காரரிடம் கேட்டதற்கு, "மாடு மழையில நனஞ்சுட்டும்மா" என்கிறார். ஜூனில் இங்கே மழையாம்.

ஜூன் 21, சனி

சொல்லாமல் கொள்ளாமல் பனையடிக்குளம் போனேன். பெட்டிகளை நானே எடுத்துக்கொண்டு போனேன். காலையிலும் மதியத்திலும் வேறு வேறு வீடுகளைப் பார்த்தேன். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குச் சந்தனக்கனி வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வயது, அளத்தில் உப்பு வாரும் வேலை. உள்ளங்காலெல்லாம் வெடிப்பு. கணவர், மூன்று பிள்ளைகள்.

மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முதலில் அவள் செய்த காரியம், எங்கள் பெட்டியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவியது. அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போட்டாள். பிறகு பெட்டியில் சோறு, அதன்மேல் குழம்பு, அதன்மேல் நடுத்துண்டு. சட்டியை வழித்து, துண்டின்மேல் கொஞ்சம் மசாலாவும் ஊற்றினாள். மூடினாள். தனக்கு ஒரு செம்பு நீராகாரம் குடித்தாள்.

"ஒங்க சாப்பாடு?" என்றேன்.

"பசிக்கல."

"நீங்க நீராகாரம்தான் குடிச்சீங்க. அப்ப பெட்டியிலயும் நீராகாரம்தான் ஊத்தணும். ஒண்ணுமே சாப்பிடலன்னா பெட்டி காலியா வரணும். ஜெசிந்தா சொல்லலையா?"

"அவ படிச்சுப் படிச்சுத்தான் சொன்னா." சந்தனக்கனி சிரித்தாள். "அதெப்படிம்மா வெறும் பாத்திரத்தக் குடுத்து விடுதது? நம்ம வீட்டுக்கு வந்த பாத்திரம்ல்லா? பாத்திரம் வெறுமனே வாசலத் தாண்டக் கூடாது. ஒண்ணும் இல்லன்னா ஒரு உப்புக்கல்லாவது, புளியங்கொட்டையாவது அதுல கெடக்கணும்."

"இது விருந்தாளி இல்லம்மா. ஆராய்ச்சி."

"எங்கயோ கடல் தாண்டிப் போவுதாமே? அங்க இருக்கவங்க தொறந்து பாப்பாங்கல்லா? பனையடிக்குளத்துப் பொம்பளைக நீத்தண்ணிய அனுப்பியிருக்காளுகன்னு பேசுனா ஊருக்கே அசிங்கம்லா."

எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நம்பும்படிதான் இருக்கிறது. நம்பும்படி இருப்பதுதான் சந்தேகம். ஜெசிந்தா போன் செய்து சொல்லிக்கொடுத்திருக்கலாம். நான் ஒரு நாள் வருவேன் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு வீட்டில் பார்த்ததை வைத்து ஊர் முழுவதற்கும் பேச முடியாது. ஒரு பாத்திரத்தை வெறுமனே கொடுக்க மாட்டார்களாம். இது ஒரு காரணமா? எந்தக் கூட்டத்தில் இதைப் போய்ச் சொல்வது?

ஜூன் 23, திங்கள்

அறிக்கை எழுதி முடித்தாகிவிட்டது. கள ஊழியர் ஜெசிந்தா பெட்டிகளில் உணவு சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம் என்று எழுதினேன். 'வாய்ப்பு அதிகம்' என்பதை அடித்துவிட்டு 'சேர்த்திருக்கிறார்' என்று மாற்றினேன். பிறகு மறுபடி பழையபடி மாற்றினேன். காலையில் அனுப்ப வேண்டும்.

லீலாபாய் மறுபடி ஒரு வாளி. இடியாப்பம். மோட்டார் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரம் பார்க்கிறாள்.

ஜூன் 24, செவ்வாய்

அறிக்கையை அனுப்பப் போகும் நேரத்தில் ஆய்வகத்திலிருந்து இன்னொரு மின்னஞ்சல். பயிற்சி மாதிரிகள். மே மாதம் நாங்கள் ஊழியர்கள் ஐந்து பேர் செய்து பார்த்தோமே, அது. மறந்தே போயிருந்தேன். அப்போது ஜெசிந்தா வேலைக்கே வரவில்லை.

ஐந்து பேரிலும் பெட்டிக்கும் மூத்திரத்துக்கும் ஒட்டவில்லை. அருமைநாயகம் சார் பெட்டியில் கருப்பட்டிப் பணியாரம் வேறு இருந்திருக்கிறது. அவருக்குச் சர்க்கரை நோய், அவர் அதைத் தொடமாட்டார். வீட்டம்மா பெட்டிக்கென்று சுட்டிருப்பார்.

ஐந்திலும் அதிக வித்தியாசம் நான்காம் எண்.

நான்காம் எண் என் பெட்டி. நானே வண்டியில் ஏற்றிய பெட்டி, நடுவில் யார் கையும் படாத பெட்டி.

முதலில் ஆய்வகத்தைச் சந்தேகப்பட்டேன். போன் செய்து எண் மாறியிருக்குமா என்று கேட்டேன். மாறவில்லை என்றார்கள். இரண்டாவது தடவை கேட்டபோது அந்தப் பெண் கொஞ்சம் எரிச்சலாகப் பேசினாள்.

ஜூன் 25, புதன்

அறிக்கை அனுப்பவில்லை. தலைவலி. பன்னை டீயில் முக்கும்போது, இதைப் பெட்டியில் போட்டால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். ஒரு பன். வெள்ளைப் பெட்டியின் நடுவில் ஒரு பன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம்தான், வேறு பெயர் சொல்லத் தெரியவில்லை.

லீலாபாயின் வாளி கழுவிக் கவிழ்த்திருக்கிறது. உள்ளே போட வீட்டில் ஒன்றுமில்லை என்று இரண்டு நாளாகக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். அது இப்போதுதான் உறைத்தது.

ஜூன் 26, வியாழன்

ஆறு நாட்டுக் கூட்டம். அருமைநாயகம் சார் என்னைப் பேசச் சொன்னார். என் ஆங்கிலம் திக்கும், இன்று அதிகமாகத் திக்கியது.

எங்கள் மையத்தில் யாரும் பெட்டியைத் தொடவில்லை என்றேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் பாத்திரம் காலியாகப் போகாது, பெட்டியை நீங்கள் அளவுகருவி என்று அனுப்பினீர்கள், எங்கள் பெண்கள் பாத்திரம் என்று வாங்கிக்கொண்டார்கள் என்றேன். மரியான் அம்மையார், இது உங்கள் அனுமானமா, சான்று உண்டா என்று கேட்டார். நியாயமான கேள்வி, நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

பயிற்சி மாதிரி நான்கைத் திரையில் போடச் சொன்னேன். அது என்னுடையது என்றேன். மீன் துண்டைப் பெட்டிக்குக் கொடுத்தேன், நான் சாப்பிடவில்லை. முட்டையும். ராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லை, ஆனால் பெட்டியில் தோசை போட்டேன். விதியை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

பிறகு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஒரு மையத்துப் பெண், தங்கள் ஊரிலும் காலிப் பெட்டி வந்ததே இல்லை, தங்கள் மக்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று சந்தோஷப்பட்டு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்டார் மரியான். சாப்பிடாத வேளைக்குப் பெட்டியில் ஏதாவது ஒன்றைப் போட்டு அனுப்பும்படி சொல்லலாம், தின்ன முடியாத பொருள், எடையிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றேன். சந்தனக்கனி சொன்னதுதான். உப்புக்கல் ஆகாது, உப்பையும் அளக்கிறோம். எங்கள் ஊருக்குப் புளியங்கொட்டை. மற்ற நாட்டில் அவரவர் வீட்டில் எது கிடைக்குமோ அது.

கையேட்டில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். ஜெசிந்தாவின் பெயர் எங்கும் போகாது என்றும் கேட்டு உறுதி வாங்கிக்கொண்டேன். எழுத்தில் தரச் சொன்னேன். வாய்வார்த்தையை நான் நம்புவதில்லை.

ஜூன் 27, வெள்ளி

ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னேன். தப்பு என் மேல் என்றேன்.

"நீங்க கேட்டதுகூடப் பரவால்ல மேடம். பெட்டியில முட்டை போட்டேன்னு நெனச்சீங்களே, அதான்…" என்றாள். "யாருக்குன்னு நெனச்சீங்க? ஒரு பெட்டிக்கா நான் முட்டை வாங்குவேன்?"

நான் வாங்கியிருக்கிறேன். பெட்டிக்குத்தான் வாங்கினேன்.

ஜூலை 8, செவ்வாய்

புதிய விதிப்படி முதல் பெட்டிகள் இன்று வந்தன. ஜெசிந்தாவின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. நடுவத்து வாசலில் பள்ளம் இருக்கிறது, அதில் ஏறி இறங்கும்போது பெட்டிகள் மொத்தமாகக் கடகடவென்றன. வண்டியில் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்து வெளியே ஓடினேன்.

எதுவும் கழலவில்லை. ராத்திரிப் பெட்டிகள்.

மேசையில் வைத்து ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஒரு கொட்டை. அடுத்ததில் ஒரு கொட்டை. ஒருத்தி கொட்டையைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். சந்தனக்கனியின் பெட்டியிலும் ஒன்று. பாதிக்கு மேல் பெட்டிகள் இப்படித்தான். அருமைநாயகம் சார் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மாதம் முன்னால் கேள்வித்தாளில் எழுதியிருந்தது அத்தனையும் உண்மை. ராத்திரி சாப்பிடவில்லை, பசிக்கல. ஜெசிந்தா எழுதியபோது நான் நம்பவில்லை, கொட்டை சொன்னபோது நம்புகிறேன்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் எடை குறித்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 9, புதன்

லீலாபாய்க்கு வாளியைக் கொடுத்தேன். அதில் முறுக்கு வாங்கிப் போட்டிருந்தேன். மோட்டார் ரிப்பேருக்கு என் பங்கு எவ்வளவு என்று நானே கேட்டுவிட்டேன். அவள் முழித்தாள். "அது போன மாசமே சரி பண்ணியாச்சே வடிவு. நீ தனியாதானே கெடக்க, ராத்திரி எப்ப பாத்தாலும் ஒன் அடுப்படியில வெளக்கே எரியல, அதான் குடுத்தேன்" என்றாள்.

சந்தேகப்பட ஒன்றும் கிடைக்காமல் படியேறினேன்.

ஜூலை 10, வியாழன்

புதிய விதிப்படி ஊழியர்களும் மறுபடி ஒரு நாள் செய்ய வேண்டும். நேற்று என் முறை. காலையில் இரண்டு இட்லி, பெட்டியில் இரண்டு. மதியம் தயிர்ச்சோறு, பெட்டியிலும் தயிர்ச்சோறு, ஊறுகாய் கூட அதே துணுக்கு. நடுவில் ஒரு முறை முட்டை அவிக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். லீலாபாயோடு பேசிவிட்டு வந்து படுத்துவிட்டேன், சாப்பிடவில்லை. ராத்திரிப் பெட்டி எதிரில் திறந்து கிடந்தது. எதையாவது போட்டு மூடிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. அஞ்சறைப் பெட்டியைக் கிளறி ஒரு புளியங்கொட்டையை எடுத்துப் போட்டேன்.

இன்று காலை ஜெசிந்தா வந்தாள். என் பெட்டியை இந்தத் தடவை அவள்தான் எடுத்துப் போக வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். மூன்றையும் கையில் வாங்கினாள். மூன்றாவதை வாங்கும்போது அது குலுங்கியது.

"ராத்திரி ஒண்ணும் திங்கலையா மேடம்?"

"இல்ல."

தாளை எடுத்தாள். சாப்பிடாத வேளைக்குக் காரணம் எழுத வேண்டும், அந்த விதியும் நான் போட்டதுதான்.

"காரணம் என்னன்னு எழுத?"

வாயில் எது முதலில் வந்ததோ அதைச் சொல்லிவிட்டேன்.

"பசிக்கல."

அவள் பேனாவைத் தாளில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். திரும்ப வேலைக்கு வந்த நாளிலிருந்து இன்றுதான் நேராகப் பார்க்கிறாள்.

"சரி மேடம். எல்லாரும் சொல்லுததுதான்" என்று சொல்லி எழுதிக்கொண்டாள்.